ஏழாம் எண் டிராம்

ஆட்டம் முடிந்து நாற்பதாவது நிமிடம்
என் டிராம் நிரம்பிவிடும்.
ஈரக் கம்பளி, பியர், கடுகு வாடை.
ஹோல்ட்ரோடே தோற்ற நாளில் யாரும் பாடுவதில்லை.
ஆளைத் தேடுவார்கள்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வரை அது கோல்கீப்பர் வீஹெர்ட்.
"பந்தைக் கண்டால் வழிவிட்டுக் குனிகிறான்,
ஹோட்டல் வாசல்காரன் மாதிரி."
பாலம் தாண்டும்போது பயிற்சியாளர்,
இந்த வருடத்தில் மூன்றாமவர்;
பெயர் வாயில் பழகுமுன் பெட்டி கட்டிவிடுகிறார்கள்.
மூடிக் கிடக்கும் உருக்காலையின் நீள மதிலோரம்
வங்கி, நகரசபை, நடுவர்,
மழை,
புதுச் சட்டையின் வெளிறிய நீலம்.

ஓர்ஹுன் என்றொரு பையன், பதினைந்து இருக்கும்,
புல்தரைதான் காரணம் என்றான் ஒருநாள்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்;
கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
அவன் பிறந்த வருடம் நாங்கள் கோப்பை தூக்கினோம்.
இப்போது மூன்றாம் டிவிஷன்.
எதிரணி ரசிகர்கள் ஒரே பேருந்தில் வருகிறார்கள்,
அதிலும் பாதி இருக்கை காலி.

ஓட்டுநருடன் பேசாதீர் என்று
என் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது.
அது எனக்கு வசதி.

பதினொரு வருடம் முன்னால், நவம்பர்,
கண்காட்சி மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம்.
நாலாயிரம் பேர். ஹீட்டர் வேலை செய்யவில்லை.
மேடையில் தலைவர் டால்காம்ப்.
நல்ல குரல் அவருக்கு,
கடனைக்கூடக் கல்யாணச் சேதிபோலச் சொல்வார்.
மைதானத்தை அடகு வைத்து
ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கலாம் என்றார்.
பெரிய திரையில் அவன் அடித்த கோல்கள்.
ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றோம்
எங்களுக்காகவே அடித்தவை என்பதுபோல.

அப்போதுதான் திருமதி பீச்கா மைக்கைப் பிடித்தாள்.
சர்க்கரை ஆலையில் கணக்கெழுதுபவள்.
கையில் பள்ளிக்கூட நோட்டு, பென்சில் எண்கள்.
"பதினேழாம் பக்கத்தில்," என்று ஆரம்பித்தாள்,
"அடுத்த ஆறு வருடத்து டிக்கெட் பணம்
ஏற்கெனவே செலவாகிவிட்டது.
இன்னும் ஆடாத ஆட்டங்களை நாம்
தின்றுகொண்டிருக்கிறோம், அதனால்"

ஒரு விசில்.
அது என்னுடையது.

இரண்டு விரலை மடித்து நாக்கடியில் வைத்து
சின்ன வயதிலேயே பழகியது,
ரயில்வே யார்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.
அவளோடு எனக்கென்ன பகை?
விடிகாலை நாலரைக்கு ஷிஃப்ட்.
பாதம் இரண்டும் விறைத்துக் கிடந்தன.
அவள் பதினேழாம் பக்கத்தில்தான் இருந்தாள்,
நோட்டோ நாற்பது பக்கம்.

பிறகு நாலாயிரம் விசில்.
அவள் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தேன்.
மஞ்சள் வாக்கு அட்டைகள் உயர்ந்தன,
மண்டபம் முழுக்கச் சூரியகாந்தி.
அழகாகத்தான் இருந்தது.

அந்த ஸ்ட்ரைக்கர் ஒன்பது ஆட்டம் ஆடினான்,
பத்தாவதில் முட்டி போயிற்று.
டால்காம்ப் எங்கோ தேனீ வளர்க்கிறாராம்.
வீஹெர்ட்டுக்கு அன்று வயது எட்டு.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் இன்றும் வருகிறாள்.
மூன்றாம் கதவு, பழைய நீல மப்ளர், மடியில் பை.
யாராவது வீஹெர்ட்டைக் கிழிக்கத் தொடங்கினால்
"அவனுக்கு முன்னால் நிற்க வேண்டிய நாலு பேர் எங்கே?"
என்று கேட்பாள். அவ்வளவுதான்.
நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்று மூன்றுக்குப் பூஜ்யம். பனி.
கடைசி நிறுத்தத்தில் அவள் மட்டும்
கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கேபின் கதவைத் திறந்தேன்.
சொல்லிவிட வேண்டும் என்றுதான்.
தொண்டை வரை வந்தது,
அங்கே இரண்டு விரல் மடங்கி இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை
ஆட்டத்துக்கு வண்டி எத்தனை மணிக்கு?"
"பன்னிரண்டு பதினெட்டு," என்றேன்.

பென்சிலை எடுத்தாள்.
குறித்துக்கொண்டாள்.